பிக்சல் கேரக்டருக்கு ஷேடிங் போட்டா அழுக்கா தெரியுது, கலர்ல எங்க தப்பு பண்றேன்?

அரைக்கட்டம்:

எல்லாருக்கும் வணக்கம். மூணு வாரமா ஒரே ஸ்ப்ரைட்டோட (கேம்ல ஓடற சின்ன கேரக்டர் படம்) மல்லுக்கட்டிட்டு இருக்கேன், இனிமே தனியா முட்டி மோதி பிரயோஜனம் இல்லன்னு தான் படத்தோட இங்க போடறேன். சைடு வியூ கேம் ஒண்ணு பண்றேன், அதுல மெயின் கேரக்டர் ஒரு பொண்ணு, முட்டி வரைக்கும் தொங்கற பச்சை மேலங்கி, பிரவுன் பூட்ஸ், கறுப்பு முடி, முன்னாடி நீட்டின கையில ஒரு லாந்தர். சைஸ் 32க்கு 48 பிக்சல். பிக்சல் படம் வரையற ஆஸ்பிரைட் சாஃப்ட்வேர்ல வரையறேன்.

அவுட்லைனும் ஃப்ளாட் கலரும் மட்டும் இருந்தப்ப நல்லாவே இருந்துச்சு, பாத்தவங்க எல்லாம் யாரு என்ன வச்சிருக்கான்னு டக்குனு சொல்லிட்டாங்க. ஷேடிங்ல கை வச்சதும் தான் எல்லாம் கெட்டுப்போச்சு. நான் பண்ணது என்னன்னா, ஒவ்வொரு கலரையும் எடுத்து கறுப்பு பக்கம் ரெண்டு ஷேடு, வெள்ளை பக்கம் ரெண்டு ஷேடு இறக்கி, ஓரத்துல டார்க், உள்ள போகப்போக லைட்டுன்னு எல்லா இடத்துலயும் போட்டேன். முடிச்சு பாத்தா மேலங்கி துணியாவே இல்ல, காத்தடிச்ச பலூன் மாதிரி உப்பி நிக்குது. முகம் சேறு பூசின மாதிரி இருக்கு. எண்ணிப் பாத்தா மொத்தம் 31 கலர். பெருசு பண்ணி பாத்தா ஒவ்வொரு இடமும் அழகா தெரியுது, கேமுக்குள்ள விட்டா பச்சையா ஏதோ ஒண்ணு நடந்து போகுது அவ்ளோதான்.

ஹியூ ஷிஃப்ட் பண்ணு ஹியூ ஷிஃப்ட் பண்ணுன்னு (ஷேடு மாறறப்ப நிறத்தையும் கொஞ்சம் நகர்த்தறது) எல்லா இடத்துலயும் சொல்றாங்க, எவ்ளோ பண்ணணும், எந்தப் பக்கம் பண்ணணும்னு யாரும் நம்பர் சொல்லி நான் பாக்கல. இந்த பொண்ணு எனக்கு ரொம்ப முக்கியம், கேமே அவளை வச்சு தான், அதனால எவ்ளோ திருத்தம் இருந்தாலும் சொல்லுங்க, முதல்ல இருந்து வரையவும் ரெடி.

---

சாய்வெயில்:

படம் பாத்தேன் ப்ரோ. முதல்ல இருந்து வரைய வேணாம், உருவம் நல்லா இருக்கு, மேலங்கியோட கீழ் ஓரம் பின்பக்கமா பறக்கற அந்த வளைவு ரொம்ப பிடிச்சுது, அதை தொட்டுடாதீங்க.

அந்த உப்பலுக்கு பில்லோ ஷேடிங்னு பேரு, தலகாணி மாதிரி தெரியறதால. வெளிச்சம் எங்க இருந்து வருதுன்னு முடிவு பண்ணாம அவுட்லைனை ஒட்டியே உள்பக்கமா நிழல் போட்டா இது தான் வரும். உங்க படத்துல தலை, மேலங்கி, பூட்ஸ் மூணுமே தனித்தனியா நடுவுல பளபளன்னு இருக்கு, அப்போ ஒவ்வொண்ணுக்கும் நேர் எதிர்ல ஒரு விளக்கு இருக்கணும், அப்படி ஒரு இடம் உலகத்துல கிடையாது. கலர் பிரச்சனைன்னு நீங்க நினைக்கறீங்க, எனக்கு அது ரெண்டாவது தான். வெளிச்சம் எங்கன்னு தெரிஞ்சா தான் எந்த கலர் எங்க போகணும்னே கேக்க முடியும்.

உங்ககிட்ட ஒரு நல்ல விஷயம் ஏற்கனவே இருக்கு, அவ கையில விளக்கு. ஆனா அதை இடுப்பு உயரத்துல வச்சிருக்கீங்க, அங்க இருந்து வெளிச்சம் அடிச்சா தாடைக்கு கீழ வெளிச்சமும் நெத்தியில நிழலும் வந்து பேய் மாதிரி ஆயிடும். லாந்தரை மேல தூக்கி நெத்தி உயரத்துக்கு கொண்டு வாங்க. இப்போ வெளிச்சம் முன்னாடி இருந்து, கொஞ்சம் மேல இருந்து வருது. இதுல இன்னொரு லாபம், சைடு வியூ கேம்ல இடது பக்கம் திரும்பறப்ப ஸ்ப்ரைட்டை அப்படியே கண்ணாடி மாதிரி திருப்பித்தானே போடுவீங்க, வெளிச்சம் மேல் இடதுன்னு வச்சிருந்தா அவ திரும்பின உடனே சூரியனும் சேர்ந்து திரும்பிடும், பாக்கறவங்களுக்கு என்னமோ உறுத்தும். விளக்கே அவ முன்னாடி இருந்தா அதுவும் கூடவே திரும்புது, ரெண்டு பக்கமும் சரியா இருக்கும்.

இப்போ மேலங்கிக்கு வாங்க. அதை ஒரு சாய்ஞ்ச கூம்பா நினைச்சுக்கோங்க. முன்பக்க விளிம்புல லைட், நடுவுல பேஸ் கலர், பின்பக்கம் மூணுல ஒரு பங்கு முழுசா நிழல். முன்பக்க அவுட்லைனை ஒட்டி நிழலே வரக்கூடாது, இது தான் பழக்கத்துல கை தானா போகற இடம், கவனமா இருங்க. தோள்ல இருந்து ஒரே ஒரு மடிப்பு, சாய்வா, 2 பிக்சல் அகலத்துல ஆரம்பிச்சு கீழ போகப்போக 4 ஆகற மாதிரி, அது போதும், துணின்னு நம்ப வச்சிடும். தலைக்கு கீழ கழுத்துலயும் மேலங்கி கழுத்துப்பட்டியிலயும் ஒரு வரிசை விழும் நிழல் போடுங்க, அந்த ஒரு வரிசை தலையை உடம்புல இருந்து பிரிச்சுக் காட்டிடும்.

நம்பர் கேட்டீங்க இல்ல, தரேன். ஹெச்எஸ்வில (ஒரு கலரை ஹியூ அதாவது நிறம், சாச்சுரேஷன் அதாவது நிறத்தோட அடர்த்தி, பிரைட்னஸ்னு மூணு நம்பரா சொல்ற முறை) உங்க பச்சை ஹியூ 120லயே நின்னுட்டு பிரைட்னஸ் மட்டும் ஏறி இறங்குது. அதுக்கு பதிலா இப்படி வச்சு பாருங்க: லைட் ஷேடு ஹியூ 85, சாச்சுரேஷன் 45, பிரைட்னஸ் 72. பேஸ் 125, 55, 50. நிழல் 165, 60, 34. ரொம்ப ஆழமான நிழல் 205, 55, 22. பச்சை மேல போறப்ப மஞ்சள் பக்கமும் கீழ போறப்ப நீலம் பக்கமும் நகருது. இது சும்மா அழகுக்குன்னு கண்டுபிடிச்சது இல்ல, பகல்ல வெளிய நின்னா வெயில் படற இடத்துல சூரியனோட மஞ்சள் வெளிச்சம், நிழல்ல வானத்தோட நீல வெளிச்சம் மட்டும், கண்ணு அதைப் பாத்தே பழகிடுச்சு. ஒரு கலர்ல கறுப்பை கலந்தா அந்த வெளிச்சமே இல்லாம போயிடுது, நீங்க அழுக்குன்னு சொல்றது அதைத்தான்.

---

நாலுஷேடு:

சாய்வெயில் சொன்னது எல்லாம் சரி, நான் இன்னொரு பக்கம் சொல்றேன். 32க்கு 48ல அவ கை அகலம் 4 பிக்சல் தான் இருக்கு, அதுல நீங்க 5 ஷேடு போட்டிருக்கீங்க. 4 பிக்சலுக்கு 5 ஷேடு! அந்த இடத்துல கண்ணுக்கு எதைப் பிடிச்சுக்கணும்னே தெரியாது. கைக்கு ரெண்டு ஷேடு, முகத்துக்கு மூணு, பெரிய பரப்பா இருக்கற மேலங்கிக்கு மட்டும் நாலு. அதுக்கு மேல ஒண்ணு கூட்டணும்னா அது என்ன வேலை செய்யுதுன்னு ஒரு காரணம் இருக்கணும்.

பழைய மெஷின்கள்ல இதுக்கு வேற வழியே இல்லாம தான் எல்லாரும் கத்துக்கிட்டாங்க. 1983ல வந்த நின்டெண்டோவோட ஃபேமிகாம் கேம் மெஷின்ல ஒரு ஸ்ப்ரைட் பேலட்டுக்கு (கலர் தொகுப்புக்கு) 3 கலர், நாலாவது டிரான்ஸ்பரன்ட். 1989ல வந்த கேம் பாய்ல மொத்தமே 4 ஷேடு, ஸ்ப்ரைட்டுக்கு அதுலயும் 3 தான். 1981ல டான்கி காங்ல மரியோவுக்கு மீசை வச்சது அந்த சைஸ்ல வாய் வரைய இடம் இல்லாததால, தொப்பி வச்சது முடி வரையற தொல்லை வேணாம்னு, சட்டையும் ஓவராலும் வேற வேற கலர்ல இருக்கறது கை ஆடறது உடம்போட ஒட்டிக்காம தனியா தெரியணும்னு. அதாவது ஷேடிங் பண்ணி பிரிக்க வேண்டியதை கலரை வச்சே பிரிச்சிருக்காங்க. உங்க படத்துல பச்சை கை பச்சை மேலங்கிக்கு முன்னாடி கிடக்கு, நடக்கறப்ப கை காணாம போயிடும் பாருங்க. கைக்கு உள்சட்டை கலர் வேற ஏதாவது கொடுங்க.

அடுத்து ஒரு டெஸ்ட். மேல ஒரு லேயர் போட்டு முழுசா கிரே ஊத்தி பிளெண்ட் மோடை (லேயர் கீழ இருக்கறதோட கலக்கற முறை) கலர்னு மாத்துங்க, படம் கறுப்பு வெள்ளை ஆயிடும். உங்க படத்தை இறக்கி நானே இதை பண்ணிப் பாத்தேன், பச்சை பேஸும் பூட்ஸ் பிரவுனும் முகத்து நிழலும் கிட்டத்தட்ட ஒரே கிரே. 1xல, அதாவது பெருசு பண்ணாத அசல் சைஸ்ல, கலங்கின மாதிரி தெரியறதுக்கு இது தான் காரணம், ஹியூ இல்ல. பிரைட்னஸ் நம்பரை நம்பாதீங்க, சுத்தமான மஞ்சளும் சுத்தமான நீலமும் ஹெச்எஸ்வில ரெண்டுமே பிரைட்னஸ் 100 தான், ஆனா கண்ணு உணர்ற வெளிச்சத்துல பச்சைக்கு சுமார் 72%, சிவப்புக்கு 21%, நீலத்துக்கு 7% தான் பங்கு, அதனால மஞ்சள் பளிச்சுன்னும் நீலம் இருட்டாவும் தெரியும். முகம் தான் படத்துலயே வெளிச்சமான பெரிய பரப்பா இருக்கணும், மேலங்கி நடு, முடியும் பூட்ஸும் இருட்டு. இந்த மூணு படியும் கிரேல பிரிஞ்சு தெரிஞ்சா மீதி என்ன கலர் போட்டாலும் தாங்கும்.

---

அரைக்கட்டம்:

ரெண்டு பேருக்கும் ரொம்ப நன்றி, நேத்து ராத்திரி முழுக்க உக்காந்து மாத்தினேன். லாந்தரை மேல தூக்கினதும் அவ நிக்கற தோரணையே மாறிடுச்சு, எதையோ தேடிட்டு போற மாதிரி இருக்கு, இதை நான் எதிர்பாக்கவே இல்ல. கைக்கு வெளிர் சட்டை கொடுத்தேன், தனியா தெரியுது. மேலங்கி இப்போ துணி தான், சத்தியமா துணி.

ஆனா முகம் இன்னும் மோசமாயிடுச்சு. பச்சைக்கு பண்ண மாதிரியே தோல் கலருக்கும் பண்ணேன், பேஸ் ஹியூ 22, நிழலை நீலம் பக்கம் நகர்த்தணும்னு ஹியூவை 65க்கு ஏத்தினேன், முகம் வாந்தி வர்ற ஆள் மாதிரி பச்சை பூத்திருக்கு. பச்சைக்கு நல்லா வந்தது தோலுக்கு ஏன் வரல?

---

சாய்வெயில்:

அய்யோ, அதை நான் சொல்லாம விட்டது என் தப்பு. ஹியூ ஒரு வட்டம் ப்ரோ, 0ல ஆரம்பிச்சு 360ல திரும்ப சிவப்புக்கே வரும். நீலம் 240ல இருக்கு. பச்சை 120ல இருந்து அங்க போக நம்பரை கூட்டினா போதும். தோல் 22ல இருந்து கூட்டிக்கிட்டே போனா மஞ்சள், பச்சை எல்லாம் தாண்டித்தான் நீலத்துக்கு போகணும், 218 டிகிரி, பாதி வழியில 65ல நின்னுட்டீங்க. குறைச்சுக்கிட்டே போங்க. 22ல இருந்து 10, 0, அப்புறம் 345, சிவப்பு வழியா ஊதாவைப் பாத்து போகுது, அது 142 டிகிரி தான்.

தோலுக்கு இது வச்சு பாருங்க: லைட் 34, 35, 92. பேஸ் 22, 50, 76. நிழல் 10, 58, 56. தோல்ல வெளிச்சம் உள்ள கொஞ்சம் நுழைஞ்சு சிவப்பாகி வெளிய வரும், விரலுக்கு பின்னாடி டார்ச் அடிச்சா செக்கச்செவேல்னு தெரியுதே அதே தான், அதனால லைட்டும் நிழலும் சந்திக்கற ஓரத்துல கொஞ்சம் சிவப்பு ஏறினா முகத்துக்கு உயிர் வரும். மூக்குக்கு கீழ ஒரே ஒரு பிக்சல் அந்த நிழல் கலர்ல வைங்க, மூக்கை தனியா வரையவே வேணாம்.

லாந்தர் மஞ்சள் தான் குழப்பம், 60ல இருந்து நீலத்துக்கு ரெண்டு பக்கமும் சம தூரம். பச்சை வழியா போனா களிம்பு ஏறின மாதிரி ஆகும், ஆரஞ்சு வழியா போங்க, பித்தளை மாதிரி வரும். உலோகத்துல லைட்டும் டார்க்கும் நடுவுல படி இல்லாம பக்கத்து பக்கத்துல உக்காரணும். துணியில அப்படி வச்சா துணி ரெக்ஸின் ஆயிடும்.

---

ஒத்தப்புள்ளி:

நடுவுல வர்றதுக்கு மன்னிக்கணும், ஹியூ ஷிஃப்ட் பத்தி எனக்கு ஒரு மாற்றுக் கருத்து இருக்கு. நிழல் நீலம் லைட் மஞ்சள்னு எல்லாரும் விதி மாதிரி சொல்றோம், அது பகல் வெளிச்சத்தோட விதி. கேம் ராத்திரியில நடந்தா நிலா வெளிச்சம் நீலமா காட்டணும், அப்போ லைட் ஷேடு தான் நீலம் பக்கம் போகணும், லாந்தர் வெளிச்சம் படற இடம் மட்டும் ஆரஞ்சு. உங்க பேக்கிரவுண்ட் என்னன்னு போடவே இல்லயே. அதை வைக்காம கேரக்டருக்கு கலர் முடிவு பண்றது பாதி வேலை தான். ஒரே பச்சை, சாம்பல் பேக்கிரவுண்ட் மேல வச்சா ஒரு மாதிரியும் சிவப்பு மண்ணு மேல வச்சா இன்னும் பச்சையாவும் தெரியும். ஆஸ்பிரைட் கேன்வாஸோட கட்டம் கட்டமான வெள்ளை சாம்பல் மேல வச்சு பாத்து ஏமாந்தவங்க நிறைய பேர், நானும் ஒரு முழு கேரக்டரை அப்படி பண்ணி திரும்ப பண்ணியிருக்கேன்.

இப்போ நீங்க மாத்தி போட்ட படத்துல கலரை விட்டுட்டு பிக்சலை பாத்தேன். மேலங்கி பின்பக்க நிழல்ல பேஸ், நிழல், ஆழமான நிழல் மூணும் ஒரே அகலத்துல ஒண்ணை ஒண்ணு கட்டிப்பிடிச்ச மாதிரி இறங்குது, ஒவ்வொரு படியும் அதே வரிசையில முடியுது. இதுக்கு பேண்டிங்னு சொல்வாங்க, வளைவா தெரிய வேண்டிய இடத்துல படிக்கட்டு தான் தெரியும். இடுப்புக்கு பக்கத்துல இருக்கற அந்த இடத்துல நிழல் கலரை 3 பிக்சல் கீழ வரைக்கும் நீட்டுங்க, ஆழமான நிழலை மேல பாதியிலயே நிறுத்துங்க, ரெண்டும் ஒரே வரிசையில முடியாம இருந்தா போதும். முடியில தனித்தனியா 7 புள்ளி பளபளப்பு வச்சிருக்கீங்க, பக்கத்துல துணை இல்லாத ஒத்த பிக்சல் நடக்கறப்ப மினுக் மினுக்னு துள்ளும், அதை எல்லாம் எடுத்துட்டு 4 பிக்சல் நீளத்துல ஒரு கீத்து வைங்க. பூட்ஸ்ல போட்ட டிதரிங்கும் (ரெண்டு கலரை செக்கர் கட்டம் மாதிரி மாத்தி மாத்தி வைக்கறது) வேணாம், பழைய பிக்சர் டியூப் டிவியில அந்த செக்கர் புள்ளிகள் ஒண்ணா கலந்து தெரியும், இப்போ இருக்கற திரையில வெறும் சொரசொரப்பா தெரியும்.

அவுட்லைன் முழு கறுப்பு வேண்டாம். வெளிச்சம் படற முன்பக்கம் மேலங்கியோட நிழல் கலரையே அவுட்லைனா வைங்க, பின்பக்கமும் பூட்ஸ் அடியும் மட்டும் கறுநீலம். உள்ள இருக்கற கோடுகள்ல பாதியை அழிச்சிடலாம், லைட்டும் நிழலும் சந்திக்கற இடமே கோடு வேலையை பாத்துக்கும்.

---

நாலுஷேடு:

பேண்டிங் சொன்னது சரியான பாயிண்ட், நான் கவனிக்கல. பேலட்டையும் இப்போவே சுருக்கிடுங்க. கறுப்பு முடிக்கு தனியா டார்க் எதுக்கு, மேலங்கியோட ஆழமான நிழல் ஏற்கனவே கறுநீலம் தான், அதையே முடிக்கும் பூட்ஸ் நிழலுக்கும் அவுட்லைனுக்கும் போடுங்க. தோலோட ஆழமான நிழல் வேணும்னா பூட்ஸ் பிரவுனை எடுத்துக்கோங்க. ஒரே டார்க்கை எல்லா இடமும் பகிர்ந்துக்கறப்ப ஒட்டு போட்ட மாதிரி இல்லாம ஒரே ஆளா தெரிவா. படத்தை இன்டெக்ஸ்டு மோடுக்கு (ஒவ்வொரு பிக்சலும் பேலட்ல இருக்கற ஒரு கட்டத்தை மட்டும் காட்டற முறை) மாத்திட்டா பேலட்ல ஒரு கட்டத்தை மாத்தினா அந்த கலர் இருக்கற எல்லா பிக்சலும் கூடவே மாறும், ராத்திரி பகல் பிரச்சனையும் அதுலயே முடிஞ்சிடும், ரெண்டு பேலட் வச்சு மாத்திக்கலாம். ஆஸ்பிரைட்ல ஷேடிங் இன்க்னு ஒண்ணு இருக்கு, பேலட்ல வரிசையா ஷேடுகளை செலக்ட் பண்ணிட்டு தேய்ச்சா ஒவ்வொரு தேய்ப்புக்கும் அடுத்த ஷேடுக்கு நகரும், புதுசா கலர் பிறக்காது. 31 ஆனது அந்த வழியில தான்னு நினைக்கறேன், கலர் பிக்கர்ல ஒவ்வொரு தடவையும் புதுசா எடுத்திருப்பீங்க.

---

அரைக்கட்டம்:

ஆமா, பிக்கர்ல தான் எடுத்தேன், ஒரே பச்சைன்னு நினைச்சது மூணு பச்சையா இருந்துச்சு.

இன்னிக்கு நிலவரம்: தோல் 3, மேலங்கி 3, எல்லாருக்கும் பொதுவா ஒரு கறுநீலம், முடிக்கு அதுக்கு மேல ஒண்ணு, பூட்ஸ் 2, லாந்தர் 3. மொத்தம் 13. கண்ணு வெள்ளைக்கும் சட்டைக்கும் லாந்தரோட ரொம்ப வெளிச்சமான மஞ்சளையே போட்டேன், தனியா வெள்ளையே இல்ல, ஆனா பாக்கறப்ப வெள்ளையா தான் தெரியுது. ஹியூவை குறைக்கற வழியில போனதும் முகம் தெளிஞ்சிடுச்சு, மூக்குக்கு அந்த ஒரு பிக்சல் வச்சு ஜூமை விட்டு வெளிய வந்து பாத்தப்ப ரொம்ப நேரம் அவளையே பாத்துட்டு இருந்தேன். 31 கலர் இருந்தப்ப அவளுக்கு வயசே தெரியல, இப்போ சின்னப் பொண்ணுன்னு தெரியுது.

கேம் முக்கால்வாசி ராத்திரி தான், காடு. ஒத்தப்புள்ளி சொன்ன மாதிரி பேக்கிரவுண்டை கீழ வச்சே பாக்கறேன். ஒரே ஒரு சந்தேகம், லாந்தர் வெளிச்சம் ஆடற மாதிரி காட்டணும்னா ஒவ்வொரு ஃபிரேம்லயும் மேலங்கி ஷேடிங்கையும் மாத்தணுமா?

---

ஒத்தப்புள்ளி:

மேலங்கியை தொடாதீங்க, முழு உடம்பும் மினுக்கினா கண்ணு வலிக்கும். லாந்தர் நடுவுல இருக்கற பிரகாசமான 4 பிக்சலை ரெண்டாவது ஃபிரேம்ல 3 ஆக்குங்க, கையோட முன் ஓரத்துலயும் கன்னத்துலயும் லைட் ஷேடை ஒரு பிக்சல் பின்வாங்கி வைங்க. இந்த ரெண்டு ஃபிரேம் போதும், ஆனா ரெண்டுக்கும் ஒரே நேரம் கொடுக்காதீங்க, பெருசா எரியறது 300 மில்லிசெகண்ட், சுருங்கினது 100ன்னு வைங்க. நடக்கற அனிமேஷனோட நேரத்தோட ஒத்துப்போகாத மாதிரி லாந்தரை தனி லேயர்ல ஓட விடுங்க, இல்லன்னா ஒவ்வொரு அடிக்கும் விளக்கு கண்ணடிக்கற மாதிரி ஆயிடும். காட்டு பேக்கிரவுண்ட் மேல வச்ச படத்தை போடுங்க, பாக்கணும்.